மிதிக்கு அடியில் ஒரு மரத்துண்டு

என் பிள்ளைகளின் அம்மாவுக்கு,

சொல்வது நான், எழுதுவது சின்னவள். இங்கே நாங்கள் இரண்டு பேரும் சுகம். அங்கே நீயும் பெரியவளும் மாப்பிள்ளையும் பேத்தியும் அப்படியே இருக்க வேண்டும்.

நீ போனதிலிருந்து சொட்டிக்கொண்டிருந்த சமையலறைக் குழாயை நானே கழற்றி வாஷர் மாற்றிவிட்டேன். சின்னவள் அதற்கு முந்தின நாளே பிளம்பருக்குச் சொல்லி வைத்திருந்தாளாம். அவர் வந்து பார்த்துவிட்டு, "யாருங்க இதைத் தொட்டது?" என்று கேட்டார். நான் பட்டறைக்குக் கிளம்பிவிட்டேன். முழங்கால் பரவாயில்லை. பெரியவளுக்குக் கால் வீங்குகிறது என்றாயே, டாக்டரிடம் காட்டினீர்களா? பேத்தியை வயிற்றில் சுமந்தபோதும் அவளுக்கு எட்டாம் மாதத்தில் இடது கால்தான் முதலில் வீங்கியது. செருப்புக்குள் கால் போகாமல் என் செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள். எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வருகிற சனிக்கிழமை மாப்பிள்ளை காரை எவனிடமோ விட்டு, கீழ் கியர்களில் இருக்கிற கட்டுப்பாட்டைக் கம்ப்யூட்டர் வைத்து அவிழ்க்கப் போகிறார் என்று பெரியவள் இவளிடம் சொல்லியிருக்கிறாள். அதை நிறுத்த வேண்டும். நிறுத்த வேண்டியது நீ. ஏனென்றால் ஆரம்பித்து வைத்தது நான்.

போன மாதம் உன்னைக் கொண்டுவந்து விட்டபோது அந்தப் புது டர்போ வண்டியை வாங்கி ஒரு சுற்று ஓட்டினேன் அல்லவா? முதல் கியரில் ஆக்ஸிலரேட்டர் மிதியைத் தரையோடு அமுக்கினேன். சத்தம் வந்த அளவுக்கு இழுவை வரவில்லை. மூன்றாவது கியர் விழுந்ததும்தான் டர்போ தள்ளுவது முதுகில் தெரிந்தது. இறங்கி வந்து, உன் எதிரிலும் பக்கத்து வீட்டுக்காரர் எதிரிலும், "மாப்பிள்ள, உங்க தலையில நல்லா மிளகாய் அரைச்சிட்டாங்க" என்றேன். நாற்பத்திரண்டு வருஷம் கியர்பாக்ஸ் பிரித்தவன் சொன்னால் அந்த மனிதர் நம்பாமல் என்ன செய்வார்? ஷோரூமுக்குப் போய்ச் சண்டை போட்டிருக்கிறார். அது அப்படித்தான் சார் செய்திருக்கிறது என்று அவர்கள் சிரித்து அனுப்பியிருக்கிறார்கள். "உங்க அப்பா பேச்சைக் கேட்டு நாலு பேர் முன்னாடி அசிங்கப்பட்டேன்" என்று பெரியவளிடம் சொன்னாராம். அன்றையிலிருந்து என் போனை எடுப்பதில்லை. நீ ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தாலும் நாலாவது வார்த்தையில் என் குரல் ஏறிவிடும். உனக்குத் தெரியாததா? அதனால்தான் கடிதம்.

அவர் எதற்கு அவிழ்க்கப் பார்க்கிறார் என்றும் தெரியும். உங்கள் தெருமுனை ஏற்றம். பிரசவ வலி எடுத்துப் பெரியவளை ஏற்றிக்கொண்டு போகும்போது வண்டி திணறிவிடக் கூடாது என்கிற பயம். அந்தப் பயத்தைக் குறை சொல்ல என்னால் முடியாது.

செவ்வாய்க்கிழமை நம் பட்டறைக்கு ஒரு கார் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். மாப்பிள்ளை வண்டி மாதிரியேதான், நிறம்கூட அதே. கியர்பாக்ஸை நானே இறக்கினேன். முதல் கியரில் பல் கடிபட்டிருந்தது. இரண்டாவதில் மூன்று பல் இல்லவே இல்லை, எண்ணெயோடு கீழே கிடந்தது. கம்ப்யூட்டர் பார்க்கிற பெண் ஒயரைச் சொருகிப் பார்த்துவிட்டு, "ஐயா, ஒண்ணு ரெண்டு கியர்ல கம்பெனிக்காரனே டர்போ அழுத்தத்தைக் குறைச்சு வச்சிருப்பான். இவரு நாலு மாசம் முன்னாடி அதை எடுத்துட்டாரு" என்றாள். நான் கையில் பல்லை வைத்துக்கொண்டு, "அட, என் மரத்துண்டு!" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

உனக்குப் புரிந்திருக்கும். கல்யாணமான மூன்றாம் வருஷம், மழை விட்டு ஒன்பதாவது நாள், கல் குவாரிக்காரரின் பச்சை லாரிக்கு டர்போ எஞ்சின் மாற்றிக் கொடுத்தேன். எஞ்சின் புதுசு, கியர்பாக்ஸும் ஆக்ஸிலும் பழசு. முதல் கியரில் முழுசாக மிதித்தால் தாங்காது என்று தெரியும். சொன்னால் டிரைவர் கேட்பாரா? அதனால் மிதிக்கு அடியில் கீல் வைத்து ஒரு மரத்துண்டு அடித்தேன். அது இருக்கிறவரை பாதிக்குமேல் மிதி இறங்காது. மூன்றாவது கியர் போட்டதும் கால் கட்டைவிரலால் தள்ளிவிட வேண்டும். வண்டி நின்றால் திரும்ப இழுத்து வைக்க வேண்டும். டிரைவர்கள் எல்லாரும், "பச்சப் புள்ளைக்கு நடைவண்டி கட்டிக் கொடுத்திருக்காரு" என்று கேலி செய்தார்கள். அந்த லாரியை ஓட்டிய மீசைக்காரர் ரோஷத்தில் அதைப் பிடுங்கி எறிந்தார். பதினோராவது நாள், சரக்கோடு ஏற்றத்தில், முதல் கியரில் முழு மிதி. ஆக்ஸில் முறிந்த சத்தம் பட்டறைவரை கேட்டது. லாரி பின்னால் உருண்டு, மண்மேட்டில் முட்டி நின்றதால் அவர் பிழைத்தார். வேலையெல்லாம் போச்சு என்று நான் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். நீதான், "துண்டை எடுத்தது அவரு. நீங்க எதுக்குப் பட்டினி?" என்றாய்.

இவ்வளவும் நினைவு வைத்திருக்கிறவனுக்கு, மாப்பிள்ளை வண்டியை ஓட்டியபோது மட்டும் ஒன்றும் தோன்றவில்லை. மிதி தரைவரை போனது, மரம் தட்டவில்லை. அதனால் ஏமாந்தேன். இப்போது மரத்துண்டு கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது.

இதை அவருக்கு அப்படியே படித்துக் காட்டு. டர்போ என்பது எஞ்சின் விடுகிற புகையாலேயே ஒரு விசிறியைச் சுற்றி, காற்றை அழுத்தி உள்ளே திணிக்கிற வேலை. எஞ்சின் கொஞ்சம் சுற்றினாலே முழு பலமும் வந்துவிடும். முதல் கியரில் எஞ்சின் பதினாலு சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. அப்படியென்றால் எஞ்சின் தருகிற முறுக்கு பதினாலு மடங்காகச் சக்கரத்துக்குப் போகிறது. மூன்றாவதில் ஐந்தோ ஆறோதான். முதல் கியரில் டர்போவை முழுசாகத் திறந்துவிட்டால் அந்த முறுக்கைப் பல்லும் ஆக்ஸிலும் தாங்க வேண்டும். தாங்கினாலும் டயருக்குத் தரை பிடிக்காது. முன்சக்கரம் இழுக்கிற வண்டி வேறு, ஸ்டியரிங் கையைப் பிடித்துத் திருகும். ஈர ஏற்றத்தில் நின்ற இடத்திலேயே சுற்றி ரப்பர்தான் கருகும். குறைத்து வைத்த முதல் கியரே அந்த வண்டியின் மற்ற எல்லா கியரையும்விட அதிகம் இழுக்கும். போன மாதம் ஐந்து பேரும் நான்கு பெட்டியுமாக அந்த ஏற்றத்தை ஏறினோமே, எங்கேயாவது நின்றதா?

இதோடு துணியில் சுற்றி ஒரு இரும்புத் துண்டு வரும். இரண்டாவது கியரின் பல். வண்டிக்காரரிடம் கேட்டு வாங்கினேன். படிப்பதற்கு முன்னால் அதை அவர் கையில் கொடு. பேத்தி வாயில் போட்டுக்கொள்ளப் போகிறாள், பார்த்துக்கொள்.

பெரியவளை மாடிப்படி ஏற விடாதே. நல்லபடியாகப் பெற்று எழுந்துவிடுவாள், அவள் உன் உடம்பு. அந்த நேரத்தில் நான் அங்கே இருக்கலாமா என்று மாப்பிள்ளையைக் கேட்டுச் சொல். வரலாம் என்றால் பின் சீட்டில் உட்கார்ந்து வருகிறேன். வழியில் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டேன். சின்னவள் பேனாவை வைத்துவிட்டுச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும், நீ நம்பு.

கடைசியாக ஒன்று. இதைப் பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, உரக்கப் படி:

மாப்பிள்ளை, உங்கள் வண்டி நல்ல வண்டி. பார்த்துத்தான் வாங்கியிருக்கிறீர்கள்.

எல்லாரும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்