லட்டுவின் ஊதாக் காதுகள்

ஜனவரி 8, வியாழன்

இந்த நோட்டு உங்கள் கையில் எப்படி வந்திருந்தாலும் சரி, யாரிடமும் காட்டாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். முக்கியமாக அம்மாவிடம். விஷ்ராந்த்வாடியில் எங்கள் சந்தில் என்னைத் தவிர தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

என் பன்றி லட்டு சொறிந்துகொண்டே இருக்கிறாள். பின்கட்டுச் சுவரில் முதுகைத் தேய்க்கும் சத்தம் இங்கே கேட்கிறது. காதுக்குப் பின்னால் தவிட்டைத் தூவியதுபோலச் செதில். முன்னங்கால் மடிப்பிலும் அப்படியே.

அம்மா இன்று பார்த்துவிட்டாள். "ஏட்டி, பொங்கலுக்குள்ள இது சரியாகலேன்னா ஸ்டீபன்கிட்டயே திருப்பிக் குடுத்துருவேன், பாத்துக்கோ."

ஸ்டீபன் மாமா பிம்ப்ரியில் பன்றி வளர்க்கிறார். கறிக்கு. லட்டுவோடு பிறந்தவை எல்லாம் கிறிஸ்துமஸோடு தீர்ந்துவிட்டன.

ஜனவரி 9

சுவரில் ரத்தம். தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டேன்.

ஜனவரி 11, ஞாயிறு

டியூஷன் என்று பொய் சொல்லிவிட்டு, விமான் நகரில் நாய்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் ப்ரீதியிடம் போனேன். போனில் எடுத்த படங்களைக் காட்டினேன். சிரிக்காமல் பார்த்தார். சாப்பிடுகிறாளா? காய்ச்சல் உண்டா? காது ஊதாவாக மாறியிருக்கிறதா?

நன்றாகச் சாப்பிடுகிறாள், அரிப்பு மட்டும்தான் என்றேன். தோலுக்குள் பூச்சி இருக்கும் என்றார். சொறி. சுரண்டிப் பார்த்து ஊசி போட வேண்டும், இரண்டு வாரம் கழித்து இன்னொன்று. அதுவரை செதிலில் எண்ணெய் தடவி ஊறவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். படுக்கும் சாக்கை எரித்துவிட வேண்டும். "கையுறை போட்டுக்கொள். உனக்கும் ஒட்டும்."

காது ஊதாவானால் என்ன என்று கேட்டேன். அது வேறு காய்ச்சல், ஆற்றங்கரைப் பக்கம் வந்திருக்கிறது என்றார். அதற்கு மருந்து கிடையாது, வந்தால் பன்றிகளைக் கொன்றுவிடுவார்களாம்.

பன்றியை ஏற்றிக்கொள்ள ஒரு ஆட்டோக்காரரும் சம்மதிக்கவில்லை. கையுறையும் வாங்கவில்லை.

ஜனவரி 13

தேங்காயெண்ணெய். செதில் ஊறி உரிந்தது. லட்டு கண்ணை மூடி, உறுமலும் இல்லாமல் முனகலும் இல்லாமல் ஒரு சத்தம் போட்டாள். என் மடியிலேயே தூங்கினாள். எத்தனை நாளுக்குப் பிறகு!

உரிந்த இடம் பச்சைப் புண். அதற்கு என்ன செய்வது என்று டாக்டரிடம் கேட்கவில்லையே. நான் முட்டியைச் சிராய்த்துக்கொண்டால் அம்மா போடும் ஊதா மருந்து அலமாரியில் இருந்தது. இரண்டு காதிலும் பூசிவிட்டேன்.

ஜனவரி 14, போகி

விடியுமுன் வாசலில் பழைய பாயெல்லாம் எரித்தோம். லட்டுவின் சாக்கையும் தூக்கிப் போட்டேன். போகிதானே, ஏன் என்று யாரும் கேட்கவில்லை. என்ன சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

பின்கட்டுக் கதவைச் சாத்த மறந்துவிட்டேன். நெருப்பைப் பார்க்க லட்டு வாசலுக்கே வந்து நின்றாள். மாடியில் இருக்கும் வீட்டுக்காரர் ஜெயந்த் காகா எட்டிப் பார்த்து மராத்தியில் அலறினார். "அரே! கான் ஜாம்பளா ஜாலாய்!"

காது ஊதாவாகிவிட்டதாம். போனை நீட்டிப் படம் எடுத்தார்.

ஜனவரி 15, பொங்கல்

படம் சந்து முழுக்கச் சுற்றிவிட்டது. முனிசிபாலிட்டிக்குச் சொல்லியாகிவிட்டதாம்.

அம்மா பொங்கல் பானையை இறக்கியதும் என் முகத்தைப் பார்த்தாள். "உண்மையைச் சொல்லு. நீ ஏதாவது பூசினியா?"

"இல்லம்மா."

ஏன் அப்படிச் சொன்னேன்? பூசினேன் என்றால் சொறி இன்னும் சரியாகவில்லை என்று தெரிந்துவிடும். சொறி என்றால் ஸ்டீபன் மாமா. வேறெதுவும் அப்போது மூளைக்கு வரவில்லை.

அம்மா உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, அப்ப அந்த சீக்குதான்."

சோப்புப் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. லட்டு வலியில் கத்தினாள். நிறம் பரவி இன்னும் பயங்கரமாக ஆனதுதான் மிச்சம்.

ஜனவரி 16, வெள்ளி

சாயங்காலம் முனிசிபாலிட்டி வண்டி வந்தது. முதலில் அடுத்த சந்து. அங்கே மூன்று பன்றிகள். முகமூடி போட்ட ஆட்கள். கத்தல் கேட்டது, பிறகு கேட்கவில்லை. இருட்டியும் அவர்கள் போகவில்லை. அடுத்தது நாங்கள்தானாம்.

அம்மா பின்கட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "கிட்டப் போனே, கால ஒடிச்சிருவேன்." அழுதுகொண்டே சொன்னாள். அப்பா நைட் ஷிப்டுக்குப் போய்விட்டார். லட்டு உள்ளே கதவை முட்டுகிறாள். பசி. சீக்கு வந்தால் பசிக்குமா? யாராவது யோசிக்க மாட்டார்களா?

சற்றுமுன் டாக்டர் ப்ரீதிக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். "அவர்களிடம் நீதான் சொல்ல வேண்டும். நம்பாவிட்டால் கையைக் காட்டு. அந்தக் காய்ச்சல் மனிதருக்கு வராது. சொறிதான் ஒட்டும்" என்றார்.

கை. நேற்றிலிருந்து விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் சிவப்புச் சிவப்பாய்ப் புடைப்பு. முழுக்கைச் சட்டைக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். காட்டினால் ஸ்கூலில் பக்கத்தில் உட்கார விடமாட்டார்கள். காகா எங்கள் வீட்டையே காலி செய்யச் சொல்வார். பொய் சொன்னது அம்மாவுக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகும் லட்டு ஸ்டீபன் மாமாவிடம்தான் போவாளோ என்னவோ. போனாலும் இன்றிரவு

கதவைத் தட்டுகிறார்கள். அம்மா எழுந்துவிட்டாள், சாவி குலுங்குகிறது. அவளுக்கு முன்னால் நான் போக வேண்டும். சட்டைக் கையை மடித்துவிட்டே