இரண்டாம் தட்டு

நாள் 412. காலை 07:10

செம்மேட்டிலிருந்து கோழி மாதிரிகள் வந்து சேர்ந்தன. கொண்டுவந்த ஆளில்லா வண்டி பெட்டியை இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டது. கிருமி வளர்க்கும் இன்குபேட்டர் 37 பாகை. பேட்டரி நிறைவு. வெளியே லேசான தூசி.

இதைப் பின்னால் படிக்கப்போகிறவருக்கு: என் பெயர் கோகிலவாணி. நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்து, கோழியிறைச்சிக் கிருமிகளில் ஆராய்ச்சி செய்து, செவ்வாய்க் கிரகம் வரைக்கும் ஓடிவந்தும் கோழியிடமிருந்து தப்பாதவள். செம்மேடு எங்கள் குடியிருப்பு. கிருமியை வேண்டுமென்றே வளர்க்கிற இடம் மனிதர்கள் தூங்குகிற கூரைக்குக் கீழே இருக்கக்கூடாது என்று சொல்லி, ஆய்வகத்தை முந்நூறு கிலோமீட்டர் தள்ளிக் கட்டினார்கள். முறைவைத்து ஒருவர் இங்கே தனியாக இருப்போம். இப்போது என் முறை.

ஒலிபரப்பி மின்சாரத்தை மடக் மடக்கென்று குடிக்கும். அதனால் மாதிரியில் குறை இருந்தால் மட்டுமே பேசுவது வழக்கம். நான் பேசவில்லை என்றால் கோழி சுத்தம். பந்தி நடக்கலாம்.

நாள் 413. காலை 08:30

தேடுவது லிஸ்டீரியாவை. மற்ற கிருமிகள் குளிர்பெட்டிக்குள் போர்த்திக்கொண்டு படுத்துவிடும். இது மட்டும் அங்கேயும் உட்கார்ந்து குடும்பம் நடத்தும். திடமான ஆளுக்கு வந்தால் வயிற்றுப்போக்கு, காய்ச்சல், சரியாகிவிடும். கர்ப்பிணிக்கு வந்தால் காய்ச்சல் தாய்க்கு, சாவு பிள்ளைக்கு. செம்மேட்டில் இருக்கிற ஒரே கர்ப்பிணி என் தங்கை பூங்கோதை. ஏழாம் மாதம்.

பழைய முறையில் கோழித்துண்டை ப்ராத்தில், அதாவது கிருமிக்கென்று காய்ச்சும் சூப்பில், இரண்டு நாள் ஊறவைத்து, பிறகு கிருமி வளரும் ஊட்டத்தட்டில் பூசுவோம். அதில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. லிஸ்டீரியாவுக்கு ஒரு பங்காளி உண்டு, மனிதருக்குத் தீங்கு செய்யாதது. சூப்பில் அதுதான் வேகமாகப் பெருகும். இரண்டு நாளில் இலை முழுவதையும் பிடித்துக்கொண்டு, கெட்டவனுக்கு உட்கார இடமே வைக்காது. தட்டில் பங்காளி மட்டும் தெரியும். நாமும் சுத்தம் என்று எழுதிவிடுவோம்.

ஆகவே புது முயற்சி. பாதி நேரத்திலேயே, பங்காளி முந்துவதற்கு முன், கொஞ்சம் எடுத்துப் பூசினேன். இரண்டும் தட்டில் நீலப்புள்ளியாகத்தான் வரும். ஆனால் கெட்டவன் தன்னைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம் போடுவான்.

நாள் 415. காலை 06:50

வளையம் இருக்கிறது!

நூற்றுக்கணக்கான நீலப்புள்ளிகளுக்கு நடுவே ஒன்றே ஒன்றில். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடியும் பார்த்தேன். பழைய முறைத் தட்டில் வளையம் ஒன்றுகூட இல்லை. என் முறை ஜெயித்துவிட்டது. தனியாக ஒரு குதி குதித்தேன். ஈர்ப்பு குறைவு என்பதால் கூரையில் தலை இடித்தது.

புயல் வலுக்கிறது. சூரியத் தகடுகள் தருவது பாதிக்கும் கீழே.

இப்போதே சொல்லலாமா? ஒரு தட்டில், ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு வாய் திறப்பது எங்கள் தொழிலில் மானக்கேடு. அந்தப் புள்ளியைத் தொட்டு இரண்டாம் தட்டில் வளர்த்து, அங்கேயும் வளையம் வந்தால்தான் பெயரைச் சொல்லலாம். ஒரு தடவை பொய்யாக அலறிவிட்டால் அடுத்த தடவை யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். செம்மேட்டுச் சமையலறையில் எதையும் ஆவி பறக்கச் சூடாக்கித்தான் பரிமாறுவார்கள். அந்தச் சூட்டில் லிஸ்டீரியா பிழைக்காது. அதனால் அவசரமில்லை.

இன்குபேட்டருக்கும் ஒலிபரப்பிக்கும் ஒரே பேட்டரி. புயலில் இரண்டையும் ஓட்ட முடியாது. இன்குபேட்டரை ஓட விட்டேன்.

நாள் 416. மாலை 15:20

தகடுகளிலிருந்து ஏறக்குறைய ஒன்றுமில்லை. இரண்டாம் தட்டுக்கு இன்னும் ஒரு இரவு வேண்டும்.

செம்மேட்டுச் சமையலறையிலிருந்து முத்துரத்தினம் பேசியது, அப்படியே:

"ஏனுங் டாக்டரம்மா, சௌக்கியங்களா? இங்க கரண்டு மிச்சம் பண்ணோணும்னு அடுப்பெல்லாம் அணைச்சுப்போட்டமுங்க. புயல் உடற வரைக்கும் சூடெல்லாம் கெடையாதுங்க. போன வாரம் வேகவெச்சு சீவிப் பொட்டீல வெச்ச கோழி இருக்குதுல்லங்க, அதையே சில்லுனு குடுத்தர்றமுங்க. நீங்க ஒண்ணும் பேசுலீங்க, அப்பச் சுத்தந்தானுங்க. உங்க தங்கச்சிக்கு ரெண்டு பங்கு. வகுத்துல புள்ளைக்கும் சேத்துங்க."

என் மாதிரியும் அதே பெட்டிக் கோழிதான். சீவும் கத்தி! வேகவைத்த பிறகு அந்தக் கத்தியில்தான் ஒட்டியிருக்க வேண்டும்.

இன்குபேட்டரை அணைத்தேன். ஒலிபரப்பியைப் போட்டேன். விளக்கு மஞ்சளாக ஒருமுறை மின்னி அணைந்தது. மறுபடி. மறுபடி. இப்போது மஞ்சள்கூட வருவதில்லை.

நாள் 417. காலை 05:40

உயிர்காப்புக்குத் தனியாக ஒரு சிறு அணு பேட்டரி உண்டு. மூச்சுக்காற்று, கொஞ்சம் சூடு, செம்மேட்டின் பேச்சைக் கேட்கும் அலைவாங்கி, இந்தப் பதிவுக்கருவி: அதன் சக்தி அவ்வளவுதான். அதிலிருந்து கம்பி இழுத்தேன். காற்று விசிறி நின்றதே தவிர ஒலிபரப்பி அசையவில்லை. திரும்ப மாட்டினேன். வண்டி இங்கே இல்லை. நடக்கலாம் என்றால் வெளியே போகும் உடுப்பில் ஒரு பகலுக்குத்தான் மூச்சு.

உடுப்பின் பேட்டரியைக் கழற்றி ஒலிபரப்பியில் சேர்த்தேன். பச்சை எரிந்தது. "கோழியைத் தின்னாதீங்க" என்று கத்தினேன். பாதியில் புகை வந்தது. உடுப்பின் பேட்டரி போயிற்று. இனி வெளியேயும் போக முடியாது.

காலை 06:15

பதில் வந்தது. பூங்கோதை:

"அக்கா, நீயா? கொரகொரன்னு என்னமோ கேட்டுச்சு. புயல் சத்தம்னு இவரு சொல்றாரு. நான் நீதான்னு சொன்னேன். சொகமா இருக்கறேன் அக்கா. காலைலயே பசி. முத்துரத்தினம் அண்ணன் குடுத்த கோழிய எலுமிச்சம்பழம் புழிஞ்சு தின்னுபோட்டேன். மசக்கைல பாத்தாலே கொமட்டுன கோழி, இப்ப என்னா ருசிங்கற!"

இன்குபேட்டர் அணைந்து ஒரு இரவு ஆகிவிட்டது. ஆனாலும் அது அணைவதற்கு முன்பே வேண்டிய அளவு வளர்ந்திருக்கிறது. இரண்டாம் தட்டை எடுத்துப் பார்த்தேன். எல்லாப் புள்ளியைச் சுற்றியும் வெள்ளை வளையம். அழகாக, அச்சடித்த மாதிரி. தட்டைச் சுவரில் வீசி அடித்தேன். பிறகு கிருமி என்று நினைவு வந்து, மண்டியிட்டுத் துடைத்தேன்.

நாள் 421. இரவு 20:00

புயல் குறையவில்லை. தினமும் பேசுகிறார்கள். சாப்பாடு நன்றாயிருக்கிறதாம். குளிர்ச்சியாகச் சாப்பிடுவதே பழகிவிட்டதாம். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்பதை நிறுத்திவிடலாம் என்று நேற்று அலைவாங்கியை அணைத்தேன். கொஞ்ச நேரம்கூடத் தாங்கவில்லை.

தின்ற எல்லோருக்கும் வராது. இதை நூறு தடவை எனக்கே சொல்லிக்கொண்டேன். தலைக்குள் கணக்குப் போட்டுப் போட்டு, கடைசியில் பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டேன். நாமக்கல்லில் இருந்தபோது கோயில் பக்கமே எட்டிப் பார்க்காதவள் நான்.

நாள் 433. காலை 09:05

பூங்கோதை: "அக்கா, ரெண்டு நாளா காய்ச்சலு. பயப்படாத. ஒடம்பு வலி, முதுகு வலி, அவ்வளவுதான். டாக்டர் வந்தாரு. தூசிக் காய்ச்சல்னாரு."

டாக்டர் ஜெபநேசன் நல்ல மனிதர். கவனமானவர். பின்னாலேயே அவர் குரலும் வந்தது: "கோகிலவாணி, கவலைப்படாதீங்க. செஃப்ட்ரியாக்சோன் ஊசி ஆரம்பிச்சாச்சு. கைவசம் இருக்கறதுலயே அதான் பலமானது. ரெண்டு நாள்ல இறங்கிடும்."

லிஸ்டீரியாவுக்கு அந்த ஊசி தண்ணீர். சொட்டுகூட வேலை செய்யாது. படித்த முதல் வருடமே மனப்பாடம் பண்ணின வரி. அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? கோழி சுத்தம் என்றல்லவா அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். இரண்டாம் தட்டுக்கு மானம் பார்த்தவள் நான். ஒரு சந்தேகம் என்று மட்டும் அன்றைக்கே சொல்லியிருந்தால் போதும்.

நாள் 434. இரவு

நேரம் பார்க்கவில்லை. இன்குபேட்டரைப் பிரித்தேன். அதன் கம்பிகளை வைத்து எதையாவது செய்யலாம் என்று. எதுவும் செய்ய முடியாது. கையெல்லாம் வெட்டு. பூங்கோதைக்குக் காய்ச்சல் 39.6 என்று செம்மேட்டில் யாரோ சொன்னது அலைவாங்கியில் கேட்டது.

நாள் 435

பூங்கோதை. குரல் சன்னமாக:

"அக்கா... தூங்கறயா? உங்கிட்ட ஒண்ணு கேக்கோணும். டாக்டர்கிட்ட இன்னும் சொல்லுல. இவருகிட்டயும் சொல்லுல. பயந்துக்குவாரு. நேத்து மத்தியானத்துல இருந்து பாப்பா ஒதைக்கவே இல்ல. கைய வெச்சுட்டே படுத்திருக்கறேன். ஏழு மாசத்துல அப்படித்தான் இருக்குமா? தூங்குமா ரொம்ப நேரம்? உனக்குத் தெரியும்ல... சரி. புயல் நின்னதும் சொல்லு. நான் முழிச்சுட்டுத்தான் இருப்பேன்."

மைக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஒலிபரப்பியின் விளக்கு எரியவில்லை. கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது. மருந்து அங்கேயே இருக்கிறது பூங்கோதை, டாக்டர் அலமாரியில், இரண்டாம் தட்டில், நான்தான் அடுக்கி வைத்தேன், ஆம்பிசிலின், எழுந்திரு, அவரை எழுப்பு, ஆம்பிசிலின் என்று சொல்லு, ஆம்பிசிலின், ஆம்பி