தளபதியின் வீட்டில் ஓர் உப்பு வியாபாரி

பிப்ரவரி 4

இன்று சாப்பிடும்போது போர்க்குதிரையின் வாலைப் பற்றிப் பேசினோம். பேசினோம் என்றால், என் கணவர் பேசினார். பதினைந்தாம் நூற்றாண்டில் சண்டைக்குப் போகும் குதிரைக்கு வாலை முடிந்துதான் கட்டுவார்களாம். அவர்கள் குழுவின் ஓவியர் வாலைத் தொங்கவிட்டு வரைந்துவிட்டாராம். "சரித்திரமே தெரியாதவங்களோட எப்படி வேலை செய்யறது?" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். தொட்டியில் கிடந்த பாத்திரங்களைப் பார்த்தேன். அவையும் பதினைந்தாம் நூற்றாண்டிலிருந்து கிடப்பவைதான்.

இந்த வீட்டில் ஆறு வருடமாகப் போர் நடக்கிறது. கடையில் விற்கிற ஒரு போர் விளையாட்டைக் கணினியில் பிரித்துப்போட்டு, அதற்குள் வேறு நாடுகள், வேறு பிரபுக்கள், வேறு பீரங்கிகள் எல்லாம் வைத்து, ரசிகர்களே புதிதாக ஒன்றைச் செய்துகொள்கிறார்கள். பைசா வரும்படி இல்லை. அதற்கு 'மாட்' என்று பெயர். எனக்கு 'மாடு' என்றே காதில் விழுகிறது. வீட்டில் ஒன்றைக் கட்டிவைத்துத் தீனி போடுவது போலத்தான் இருக்கிறது, பால் மட்டும் இன்னும் கறக்கவில்லை. என் கணவர் அந்தக் குழுவுக்குத் தலைவர். அங்கே அவரைத் 'தளபதி' என்கிறார்கள். சமையலறைக் கரப்பான்பூச்சிக்கு எதிராகக்கூட அவர் படை நடத்தி நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி 7

மேலாளர் கூப்பிட்டார். துறைமுக ஊரில் புதிய கிடங்கு திறக்கிறார்களாம். "நீங்களே போய் நடத்துங்க. மாசக் கடைசிக்குள்ள சொல்லிடுங்க" என்றார். எந்த லாரி எந்த வழியில் போக வேண்டும், எங்கே எதை இறக்க வேண்டும் என்று பார்சல் கம்பெனியில் ஒரு மூலையில் உட்கார்ந்து போட்டுக்கொண்டிருப்பவள் நான். 'நடத்துங்க.' வீடு வரும்வரை பஸ்ஸில் அந்த ஒரு வார்த்தையை மிட்டாய் மாதிரி வாயில் ஒதுக்கிக்கொண்டே வந்தேன்.

சொன்னேன். "ம்" என்றார்.

"ம்-னா?"

"வெர்ஷன் ஒண்ணு வந்துடட்டும்மா. அப்புறம் உக்காந்து பேசலாம்."

வெர்ஷன் ஒன்று, அதாவது அவர்கள் விளையாட்டின் முதல் முழு வடிவம், வந்த பிறகு நடக்கப்போகிற காரியங்கள் நிறைய இருக்கின்றன. ஒழுகும் குழாய், அவருடைய கண் பரிசோதனை, என் தங்கை வீட்டுக்கு ஒரு நடை. இப்போது வரிசையில் நானும் போய் நிற்கிறேன். இத்தனைக்கும் அவருக்கு வீட்டிலிருந்தே வேலை. கணக்கு மென்பொருளில் கோளாறு வந்தால் சரிசெய்து கொடுப்பது. இணைப்பு இருந்தால் நடுக்காட்டிலிருந்தும் செய்யலாம்.

பிப்ரவரி 9

கோபத்தில் ஒரு காரியம் செய்துவிட்டேன். விளையாடிப் பார்த்துக் குறை சொல்ல ஆட்கள் வேண்டும் என்று குழுவில் அறிவிப்பு போட்டிருந்தார்கள். 'உப்பு வியாபாரி' என்று பெயர் கொடுத்துச் சேர்ந்துகொண்டேன். அவர் முன்னறையில், நான் பழைய மடிக்கணினியோடு பின்னறையில். நடுவில் ஒரு சுவர்தான்.

பிப்ரவரி 12

எல்லாரும் பெரிய பிரபுக்களாகப் பார்த்து எடுத்துக்கொள்கிறார்கள். நான் எடுத்தது வரைபடத்தின் ஓரத்தில், படையே இல்லாத ஓர் உப்பு நகரம். பக்கத்தில் மூன்று பிரபுக்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். என் நகரத் தலைவருக்கு மூன்று பெண்கள். ஆளுக்கு ஒருத்தியாகக் கட்டிக்கொடுத்தேன். சகலைகள் மூவரும் சண்டை போட விளையாட்டு அனுமதிக்கவில்லை. கண்டமே கப்சிப். இதைக் குறையாகக் குழுவில் எழுதிப் போட்டேன்.

ராத்திரி சாப்பாட்டில் தளபதி கொதித்தார். "எவனோ ஒருத்தன் ஒரு அம்பு கூட விடாம, பொண்ணு குடுத்தே முடிச்சுட்டான்! இது போர் விளையாட்டா, கல்யாண புரோக்கர் ஆபீசா?"

"அடப்பாவமே" என்றேன்.

குழுவில் எனக்கு அவர் எழுதியிருந்த பதில் வேறு தினுசு. 'மதிப்பிற்குரிய ஐயா, நீங்கள் சுட்டிக்காட்டியது மிக நுட்பமான குறை...' நான்கு பத்தி. கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை 'நீங்கள்' என்று சொன்னது இதுதான் முதல்முறை. இரண்டு தடவை படித்தேன். வெட்கமாக இருந்தது. எதற்கு என்றுதான் தெரியவில்லை.

பிப்ரவரி 16

அவர் ஓட்டையை அடைத்துவிட்டார். இனி மாமனார் செத்தால் மருமகன் படையெடுத்து வரலாம். சரி, வரட்டும். என் நகரத் தலைவர் செத்ததும் வந்தார்கள். ஆற்றுக்கு அந்தப்பக்கம் இருந்த தானியத்தையெல்லாம் முன்னாலேயே படகில் ஏற்றி உள்ளே கொண்டுவந்து, பாலத்தை எரித்துவிட்டேன். பெரிய மருமகனின் பெரும்படை பட்டினியாகக் கரையில் நின்று, ஒவ்வொருவராகக் கலைந்து ஊர் போய்ச் சேர்ந்தது. சோற்றை நிறுத்தினால் எந்த வீரனும் வீட்டுக்குத்தான் போவான். லாரி ஒரு நாள் தாமதமானால் கடைக்காரர்கள் போனில் கத்துவதைக் கேட்டவளுக்கு இது தெரியாதா?

ஒரு விசித்திரமும் கண்டுபிடித்தேன். கன்னியாஸ்திரீ மடத்துத் தலைவியைப் பீரங்கிப் படைக்குத் தளபதியாக நியமிக்க முடிகிறது. அந்த அம்மாள் அபாரமாகச் சுடுகிறாள். இதை யாருக்கும் சொல்லப்போவதில்லை.

பிப்ரவரி 19

நாத்தனார் வந்திருந்தாள். முதுகுவலிக்காரர்களுக்குப் பயிற்சி கொடுப்பவள். யார் உட்காருவதைப் பார்த்தாலும் முகம் சுளிப்பாள். அண்ணன் உட்கார்ந்திருந்த லட்சணத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அண்ணி, உப்பு வியாபாரின்னு யாரோ ரிட்டயர்டு புரொஃபசராமே? அண்ணன் வாய் ஓயாம அவரையே புகழ்ந்துட்டு இருக்காரு. உங்களுக்குத் தெரியுமா?"

சொன்னேன். குடித்துக்கொண்டிருந்த டீ அவள் மூக்கு வழியாக வந்துவிட்டது. சிரித்து முடித்துவிட்டு, "சொல்லிடுங்க அண்ணி. விளையாட்டு வினையாயிடப் போகுது" என்றாள்.

"சொன்னா என்னோட பேசறத நிறுத்திடுவாரு."

சொல்லி முடித்தபின்தான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவளும் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 21

கேட்டேன். "துறைமுக ஊர் விஷயம்?" — "ம்."

பிப்ரவரி 22

மதிய இடைவேளையில் உப்பு வியாபாரியாகக் கேட்டேன். 'முற்றுகையில் இருக்கும் கோட்டையின் தலைவர் எந்த முடிவும் எடுக்காமல் இருந்தால் விளையாட்டில் என்ன நடக்கும்?'

சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதற்குள் பதில் வந்துவிட்டது. 'அருமையான கேள்வி ஐயா! பல ஆட்டக்காரர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. பதில் சொல்லாமல் இருப்பதும் ஒரு முடிவாகவே கணக்கில் சேரும். ஒவ்வொரு பருவத்துக்கும் உள்ளே இருப்பவர்களின் விசுவாசம் குறையும். கடைசியில் எதிரி எதுவும் செய்ய வேண்டியதில்லை. வாயிற்காவலரே கதவைத் திறந்து வெளியே போய்விடுவார்.'

கீழே ஒரு சிரிப்பு பொம்மை வேறு.

சாப்பாட்டைத் தொடாமல் டப்பாவை மூடினேன்.

பிப்ரவரி 24

மேலாளரிடம் சரி என்று சொல்லிவிட்டேன். "வீட்ல பேசிட்டீங்களா?" என்று கேட்டார்.

"பேசிட்டேன் சார். அவர்தான் போகச் சொன்னாரு."

ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

பிப்ரவரி 26

எழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.

சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி கிளம்புகிறேன் என்று. "எங்க?" என்கிறார். எங்க! இருபது நாளாக நான் என்ன சுவரோடவா பேசிட்டு இருந்தேன்? ஆமா, சுவரோடதான்.

"என்னை ஒரு வார்த்தை கேக்கவே இல்லையே நீ?"

மடிக்கணினியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துத் திருப்பிக் காட்டினேன். உப்பு வியாபாரி என்ற பெயர், என் கேள்வி, அவர் பதில், சிரிப்பு பொம்மை. பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அழுவார் என்று நினைத்தேன். கத்துவார் என்று நினைத்தேன். கடைசியில் வாயைத் திறந்து சொன்னது —

"அப்போ பாலம் எரிஞ்சா படை கரையிலயே நின்னுடுதே, அந்தக் கோளாறக் கண்டுபிடிச்சது நீயா?"

எனக்கு என்ன வந்ததோ. சிரிப்பா, அழுகையா, ரெண்டும் சேந்து வந்துச்சு.

"நான்தான். உங்க ஐயா நான்தான்."

"ரிட்டயர்டு புரொஃபசர்னு நெனச்சேன்."

"பொண்டாட்டியா இருக்கும்னு நெனச்சிருக்கலாம்."

"இத்தனை பேர் முன்னாடி என்னை முட்டாளாக்கிட்டே."

அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறதோ? ஒட்டுக்கேட்டது மாதிரிதானே? ஆனால் அவர் பேசியதே என்னிடம்தானே — என்னிடம் பேசியதை நான் கேட்டால் அது ஒட்டுக்கேட்பதா? தெரியவில்லை. முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மார்ச் 2

உப்பு வியாபாரியைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார். இப்போது வீட்டிலும் பேச்சில்லை, அங்கேயும் பேச்சில்லை. முதல்முறையாக இரண்டு பேரையும் ஒரே மாதிரி நடத்துகிறார்.

மார்ச் 6

குழுவில் கலகமாம். நாத்தனார் வந்து சொன்னாள். இப்போதெல்லாம் அவள் அங்கே வேடிக்கை பார்க்கப் போகிறாள். உப்பு வியாபாரி எங்கே, அவரை ஏன் நீக்கினீர்கள் என்று ஓவியர் முதற்கொண்டு எல்லாரும் கேட்கிறார்களாம். தளபதி இரண்டு நாள் பதில் சொல்லவில்லையாம். அவருடைய விதிப்படியே விசுவாசம் குறைய ஆரம்பித்திருக்கும். நேற்று எழுதினாராம். 'அவர் என் மனைவி. நான் அவரிடம் சரியாகப் பேசவில்லை. அவ்வளவுதான்.'

"நிஜமாவா எழுதினாரு?" என்று மூன்று தடவை கேட்டேன்.

"நானே படிச்சேன் அண்ணி. அதுல ரெண்டு எழுத்துப்பிழை வேற."

எதிரில் வந்து சொல்ல வேண்டியதை ஊருக்கு எழுதுகிற மனிதர். அதற்கும் ஒரு சுவர் வேண்டியிருக்கிறது.

மார்ச் 15

பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு பேருந்து நிலையம் வந்தார். நான் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவர் கீழே நின்று தொண்டையைச் செருமினார். போச்சு, இனி குதிரை, பீரங்கி என்று ஏதோ வரப்போகிறது என்று நினைத்தேன்.

"அந்தக் கிடங்குல... மொத்தம் எத்தனை லாரி?"

சொன்னேன்.

"எல்லாத்துக்கும் நீதான் வழி போடணுமா? இல்ல, ஆள் இருக்காங்களா?"

அதையும் சொன்னேன். எத்தனை மணிக்கு வேலை, யார் யார் கூட இருப்பார்கள், பயமாக இருக்கிறதா என்று பேருந்து கிளம்பும்வரை கேட்டுக்கொண்டே நின்றார். கிளம்பிய பிறகும் நாலு எட்டு கூடவே நடந்து வந்து எதையோ கேட்டார். இரைச்சலில் காதில் விழவில்லை.

ஏப்ரல் 11

இங்கே எல்லாம் உப்புக்காற்று. பூட்டுகள் துருப்பிடிக்கின்றன. புது ஓட்டுநர்கள் நான் போடும் வழியில் போவதில்லை, போகவில்லை என்று ஒப்புக்கொள்வதும் இல்லை. தளபதி தினமும் போன் செய்கிறார். நேற்று நான் பேசிக்கொண்டே தூங்கிவிட்டேன்.

மே 3

வெர்ஷன் ஒன்று வரவில்லை. அவர் வந்துவிட்டார். கணினியை மடியிலேயே வைத்துக்கொண்டு பேருந்தில் வந்திருக்கிறார், கைக்குழந்தைக்காரி மாதிரி. மேசை இல்லை. அட்டைப்பெட்டிமேல் வைத்துக்கொண்டு வேலை செய்கிறார்.

மே 18

கிடங்கில் எலி. இருபது மூட்டையைக் கடித்துவைத்திருக்கிறது. அந்த எரிச்சலோடு வந்து, உங்கள் விளையாட்டில் தானியம் வருடக்கணக்கில் அப்படியே இருக்கிறதே, எலியே கிடையாதா என்று கேட்டேன். அவ்வளவுதான்.

"எலி வெச்சா எல்லா முற்றுகையும் ஒரே பருவத்துல முடிஞ்சுடும். மொத்த கணக்கும் ஆடிப்போயிடும்."

"ஆடட்டுமே. எலி இல்லாத கிடங்கு உலகத்துல எங்க இருக்கு?"

"உனக்கு விளையாட்டு வேணுமா, கிடங்கு வேணுமா?"

"உங்களுக்கு சரித்திரம் வேணுமா, வேண்டாமா?"

அவர் எழுந்துவிட்டார். நானும் எழுந்தேன். குரல் ஏறியது. நீ குறுக்கே பேசாதே என்றார். நீங்கள் மட்டும் பேசலாமா என்றேன். அவர் கணினியைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தே கத்தினார். அடுப்பில் வைத்த அரிசி அடிப்பிடித்து வாசனை வந்த பிறகும் இரண்டு பேரும் நகரவில்லை.

கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு அம்மா. இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு என்னிடம் மட்டும் மெதுவாகக் கேட்டார்.

"ஏதாவது பிரச்சினையாம்மா?"

"ஒண்ணுமில்லைங்க" என்றேன். மூச்சு வாங்கியது. "பேசிட்டு இருக்கோம்."