கறுப்புப் பைக்குள் கைவிட்ட சிப்பாய்

கொட்டாஞ்சேனை
12.9.1993

அன்பு மகள் அருந்ததிக்கு அம்மா எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், நீயும் மருமகனும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் நோ மட்டும் குறையவில்லை, எண்ணெய் பூசச் சொன்னால் என்னோடு கோபிக்கிறார். போன கடிதத்தில் நீ, அம்மா உந்தப் படப்பைத்தியத்தை விட்டிட்டு ஸ்டூடியோவைப் பூட்டிப்போட்டு இங்கை வாங்கோ என்று எழுதியிருந்தாய். நாடகக்காரருக்கு உடுப்புத் தைத்தவள் கிராண்ட்பாஸில் பழைய அரிசிக் கிடங்கை எடுத்து, சத்தம் எதிரொலிக்காமல் சுவரெல்லாம் சாக்குத் தொங்கவிட்டு ஸ்டூடியோ ஆக்கியபோது சிரிக்காதவர் யார்? அவர்களெல்லாம் வெள்ளிக்கிழமை என் படத்துக்கு ரிக்கற் கிடைக்காமல் நின்றார்கள். ஹவுஸ்ஃபுல் பலகையை நானே தொங்கவிட்டேன்!

ஆனால் அந்தப் படம் சித்திரை மாதமே பேலியகொடையில் செத்திருக்கும். கடைசிக் காட்சி எடுத்த பிலிமைச் சென்னைக்கு அனுப்பிக் கழுவுவிக்க விமான நிலையத்துக்குக் கொண்டுபோனேன், வான் ஓட்டியது எங்கள் ஸ்டூடியோப் பொடியன் ஸமீம். பாலத்தடிச் சோதனைச்சாவடியில் மறித்த சிப்பாய் டப்பாவைத் திறக்கச் சொன்னான். கழுவாத பிலிமில் வெளிச்சம் பட்டால் எல்லாம் போச்சு, திரும்ப எடுக்கலாம் என்றால் கதாநாயகன் முதல்நாளே நோர்வேக்கு ஏறிவிட்டான். அப்போதுதான் வெளிச்சம் படாமல் பிலிம் மாற்ற நான் குடைத்துணியை இரட்டையாக மடித்து, கைவிட இரண்டு சட்டைக்கை வைத்துத் தைத்த கறுப்புப் பை நினைவு வந்தது. மல்லி, தம்பி, கண்ணால் பார்க்காதே, கையால் பார் என்று சிங்களத்தில் சொல்லி, டப்பாவைப் பைக்குள் வைத்து வாயைப் பூட்டி, பையின் இரண்டு சட்டைக்கைகளுக்குள்ளும் கைவிடச் சொன்னேன். அவன் தடித்த ஆள், தையல் நறநறத்தது, எனக்கு உயிர் போய் வந்தது. உள்ளே மூடியைத் திறந்து தடவிப் பார்த்து மூடிவிட்டு, ஹரி அம்மே, சரி அம்மா, போங்கள் என்றான்.

அந்தக் காட்சி ஓடியபோது தியேட்டரில் ஒருவர் இருமக்கூட இல்லை. அழுதார்கள், பிறகு கைதட்டினார்கள். நானும் அழுதேன், எனக்கு வெட்கமில்லை. அப்பா முழங்காலை மறந்து எழுந்து நின்று தட்டினார்.

ஆகவே நான் அங்கே வரமாட்டேன், நீங்கள் இருவரும் தையில் வாருங்கள், அடுத்த படத்துக்குப் பூசை. குளிர்ச்சட்டை போடாமல் வெளியே இறங்காதே, மருமகனோடு சண்டை பிடிக்காதே. அம்மன் உங்களைக் கைவிடமாட்டாள். புதிய கறுப்புப் பையும் தைத்துவிட்டேன், இந்த முறை கைகளை நன்றாக அகலமாக வைத்திருக்கிறேன்.

உன் அம்மா,
அன்னபாக்கியம்