காத்திருப்போர் பட்டியலில் முதலாவது பெயர்

மே 16

துன் நகரிலிருந்து திரும்பும் ரயிலில் எழுதுகிறேன். கிஷோபன் அடுத்த பெட்டியில். வேண்டுமென்றே விலகி வந்து உட்கார்ந்தேன். எங்கள் ஊர் அட்லிஸ்விலில் தமிழ்ப் பள்ளியிலிருந்தே என்னோடு ஒன்றாகப் படித்தவன்தான்.

துன்னில் புதிதாகத் தொடங்கிய சிறிய மருத்துவக் கல்லூரியின் நேர்முகத் தேர்வு. குழுவாக இருத்தி, ஏன் மருத்துவம் என்று கேட்டார்கள். பதினொரு வயதில் டாக்டர் சொன்னதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன் என்றான் கிஷோபன். கேள்வி கேட்ட பேராசிரியையின் கண் கலங்கியது.

அவன் அம்மாவுக்கு ஜெர்மன் தண்ணீர் பட்ட பாடு. சொன்னது நான். என் அம்மாவுக்கு. மார்பில் கட்டி என்று.

அங்கேயே மறுத்திருக்கலாம். இரண்டு தமிழ்ப் பிள்ளைகள் ஒரு தாயின் நோய்க்குச் சண்டை போடுவதை அவர்கள் ரசிப்பதற்கா? என் முறை வந்தபோது உயிரியல் மதிப்பெண்ணைச் சொன்னேன்.

கல்லூரி எப்படி? எட்டுப் பேருக்கு ஒரு மேசை. ஆசிரியர்களுக்கு எல்லார் பெயரும் தெரிகிறது. கூட்டத்தில் வாயே திறக்காத கிஷோபன் அந்த மேசையில் சிரித்துச் சிரித்துப் பேசினான். அவனுக்கென்றே அளவெடுத்துத் தைத்த இடம். எனக்கு? யாராவது பிழையாகச் சொன்னால் கத்திவிடுவேன்.

ஆனாலும் வேண்டும்.

ஜூன் 30

அவனுக்கு இடம். நான் காத்திருப்போர் பட்டியலில் முதலாவது.

"நீயும் கொஞ்சம் சிரிச்சுக் கதைச்சிருக்கலாம் தானே பிள்ளை?" என்கிறார் அம்மா.

சிரிக்கட்டாம்! உங்கட வருத்தத்தையெல்லோ அம்மா அவன் வித்தவன்.

ஜூலை 19

முருகன் கோயிலில் அவன் பெயருக்கு அர்ச்சனை. நான் செருப்பு விடும் இடத்திலேயே நின்றேன்.

ஆகஸ்ட் 7

பொதுப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் சென்ற ஆண்டு போலவே சறுக்கினேன். அவனுக்கு அதில் பேர்ன் பல்கலைக்கழகத்திலும் இடம். ஒருவனுக்கு இரண்டு!

மத்தியானம் அழைத்தான்.

"அக்‌ஷயா, எனக்கு ஒண்டும் விளங்கேல்ல. அப்பா பேர்ன் எண்டுறார். எனக்குத் துன்தான் மனசுக்குப் பிடிச்சது. நீ முகத்துக்கு நேர சொல்லுற ஆள், அதான் கேக்கிறன்."

என்னிடம் கேட்கிறான். என்னிடம்!

"துன் உனக்குச் சரிவராது," என்றேன். "எட்டே எட்டுப் பேர். நாள் முழுக்க உன்னையே பாத்துக்கொண்டிருப்பினம்."

"அப்பிடியோ?"

"ஓம்."

பேர்னில் மண்டபம் நிறைய நூற்றுக்கணக்கானோர். நான் அதைச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 12

துன்னிலிருந்து மின்னஞ்சல். ஓர் இடம் காலியாம். பத்து நிமிடத்தில் ஒப்புக்கொண்டேன்.

அக்டோபர் 9

நான்காவது வாரம். இன்று மேசையில் ஒருத்தியின் பிழைக்குக் கத்தினேன். சிரித்தார்கள், பிறகு புத்தகத்தைத் திறந்து பார்த்தார்கள். நான் சொன்னதுதான் சரி. எனக்கு இந்த இடம் பிடித்திருக்கிறது.

மாலையில் பேர்னிலிருந்து கிஷோபன் எழுதியிருந்தான்: "கடைசி வரிசையில இருக்கிறன். இன்னும் ஒருத்தரோடயும் கதைக்கேல்ல. அங்க எப்பிடி?"

"பெரிசா ஒண்டுமில்ல. நீ வராதது நல்லது," என்று அனுப்பினேன்.