எனக்கென்று எடுத்து வைத்த புத்தகம்

நவம்பர் 18, செவ்வாய்

இன்னும் கோபம் அடங்கவில்லை. ஆங்கிலச் சிறப்பு வகுப்பில் இன்று ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தார்கள். லூகாஸுக்கு ஐந்நூறு பக்க நாவல். இங்கிலாந்துப் பிரபுக் குடும்பம் ஒன்று மாளிகைக்காகத் தங்களுக்குள் அடிபடும் கதை. எனக்கு, அகதிப் பையன் படகில் கடல் கடக்கும் மெல்லிய புத்தகம். கடினமான சொற்களுக்கெல்லாம் அடியிலேயே விளக்கம்.

"இதில் நீ உன்னையே காண்பாய்," என்றார் ஆசிரியை, அன்பு பொங்க.

அகதியாக வந்தவர்கள் அப்பாவும் அம்மாவும்தான்; நான் இங்கே, ஜெர்மன் நகரான டோர்ட்மண்டில் பிறந்தவன். ஏரியில் மிதிபடகு ஏறினாலே தலைசுற்றிச் சத்தி எடுப்பவன்.

"அப்படியென்றால் லூகாஸ் பிரபுவா? அவனுடைய அப்பா பஸ் ஓட்டுகிறார்," என்றேன். லூகாஸ்தான் அதிகம் சிரித்தான்.

ஆசிரியை முகம் சிவந்து, லூகாஸின் தடித்த நாவலை என்னிடம் நீட்டினார். "சரி. வெள்ளிக்கிழமை இதைப் பற்றி நீதான் பேசுகிறாய்."

நான் சொதப்பினால் அடுத்த வருடமும் எங்கள் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் படகுப் புத்தகம்தான்.

ஐம்பது பக்கம் வாசித்தும் யார் பக்கம் நியாயம் என்று பிடிபடவில்லை. அம்மா சோறு போட்டபடி கேட்டார்.

"என்ன கதையடா?"

"தகப்பன் செத்த உடன மூத்தவன் வீட்டைத் தன்ர பேருக்கு மாத்திப்போட்டான். சகோதரங்கள் கதைக்கிறதில்லை."

"இதுக்கேன் இங்கிலீசுப் புத்தகம்? அப்பப்பான்ர வீட்டை எப்பிடி மாத்தினவர் எண்டு உன்ர லண்டன் பெரியப்பாவைக் கேள்."

கேட்டேன். தொலைபேசியில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். தான் நிரபராதியாம். நான் குறிப்பெடுக்கிறேன். நாவலில் கள்ளன் யாரென்று இப்போது நன்றாக விளங்குகிறது. பெரியப்பாவிடம்தான் சொல்ல ஏலாது.