முதலில் கேட்கிறவள்

திங்கட்கிழமை, ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

போதகர் வீட்டிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் கொடுத்தனுப்பிய பழங்கள் கிடைத்தன. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்ப மனமில்லை. அதனால் இந்தக் கடிதம். கொண்டுவருகிறவருக்கு உள்ளே இருப்பது தெரியாது. கேக் என்று சொல்லியிருக்கிறேன்.

ஒலிபெருக்கிச் சண்டையைத் தீர்க்க உங்கள் வீட்டுக்காரர் ஹஜ்ரத் எங்கள் சபைக்கு வந்தாரே, அன்றிலிருந்து தெருவே இரண்டு பேரையும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறது. பள்ளிவாசல் இமாமும் சர்ச் போதகரும் ஒரே குடையில் நடந்துபோனதை மருந்துக்கடைக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார். எனக்கும் பெருமைதான். அந்தக் குடை நான் வாங்கிக் கொடுத்தது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணமான நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை முதல் நாளே எனக்குத்தான் வாசித்துக் காட்டுவார். வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்பேன். நீளமாகப் போனால் இருமுவேன். "சரி சரி, வெட்டிட்டேன்" என்பார். சில நாள் வெட்டாமல் சண்டைக்கு வருவார். அதுதான் எங்கள் சனிக்கிழமை.

இப்போது வியாழக்கிழமையே உங்கள் வீட்டில் வாசித்துவிட்டு வந்துவிடுகிறார். "ஹஜ்ரத் இந்த எடத்தை எடுத்துடச் சொன்னாரு, எடுத்துட்டேன்." தைத்து முடித்த ரவிக்கையைக் காட்டி அளவு சரியா என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? எட்டு மாதப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தாடி நரைத்த ஒரு இமாம்மேல் பொறாமைப்படுகிறேன் அக்கா. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். நீங்கள் சிரிக்க மாட்டீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

பேச்சு நீண்டால் ஏதாவது சாக்குச் சொல்லி அவரை எழுப்பி அனுப்புங்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

சுண்டுவின் அம்மா


புதன்கிழமை, ஜூன் 12

அன்புள்ள தங்கச்சிக்கு,

அல்லாஹ் உங்கள் மூவரையும் நலமாக வைத்திருக்கட்டும். சுண்டுவுக்குப் பல் முளைத்துவிட்டதா?

கேக் என்று நம்பி உன் வீட்டுக்காரர் பாத்திரத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். நான் திறக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார், பாவம். உன் கடிதத்தைப் படித்து நான் சிரிக்கவில்லை. எனக்கும் வயிறு எரிந்தது. ஆனால் உன்மேல்.

எங்கள் பெரியவளுக்கே கல்யாணம் ஆகிவிட்டது. இத்தனை வருஷத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பயானைக்கூட இவர் எனக்கு வாசித்துக் காட்டியதில்லை. பள்ளிவாசல் மாடியில் பெண்கள் உட்காரும் இடத்தில் பாதி ஒலிபெருக்கியின் கரகரப்புதான் கேட்கும். உன் வீட்டுக்காரர் வர ஆரம்பித்த பிறகுதான் இவர் முன்னறையில் வாசிக்கிறார். நான் அடுப்பை அணைத்துவிட்டு, சமையலறைத் திரைக்குப் பின்னால் நின்று ஒரு வார்த்தை விடாமல் கேட்கிறேன். போன வாரம் உன் வீட்டுக்காரர், "ஹஜ்ரத், இந்த எடத்துல எல்லாரும் தூங்கிடுவாங்க" என்றார்.

"உங்க ஆளுங்களா, எங்க ஆளுங்களா?"

"தூக்கத்துல ஏதுங்க மதம்!"

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் தம்ளர் உருண்டது. இவருக்கு இப்படிச் சிரிக்க வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அதனால் எழுப்பி அனுப்பச் சொல்லாதே. உனக்கு எத்தனையோ சனிக்கிழமைகள் கிடைத்தன. என் வியாழக்கிழமையில் கை வைக்காதே.

உன் அக்கா


திங்கட்கிழமை, ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

இது தபாலில் வருகிறது. கொண்டுவர ஆள் இல்லை.

உங்கள் கடிதம் வந்த வியாழக்கிழமை சுண்டுவுக்குக் காய்ச்சல். தொட்டால் கை சுட்டது. இவர் உங்கள் வீட்டில் மரியாதைக்காகப் போனை அணைத்து வைத்திருந்தார். மருந்துக்கடைக்காரர் மனைவிதான் துணைக்கு வந்து உட்கார்ந்தாள். இவர் உங்கள் பாத்திரத்தோடு சிரித்துக்கொண்டே உள்ளே நுழைந்தார். என் வாய் சும்மா இருக்குமா? "பிள்ளை பேராவது ஞாபகம் இருக்கா? இல்ல, அதையும் ஹஜ்ரத்கிட்ட கேட்டுட்டு வரணுமா?" என்றேன். "இனிமே போகல, விடு" என்றார்.

பாத்திரத்துக்குள் உங்கள் கடிதத்தைப் பார்த்தபோது எங்கள் சண்டை முடிந்துவிட்டிருந்தது. உண்மையைச் சொல்கிறேன், படித்த பிறகும் நான் அவரைப் போகச் சொல்லவில்லை. அங்கே தம்ளர் உருளச் சிரிக்கிறவர் இங்கே ஏன் சிரிப்பதில்லை என்று ஆத்திரம்தான் வந்தது.

காய்ச்சல் இறங்கிவிட்டது. சனிக்கிழமை எனக்கு வாசித்தார். இருமினேன். மறுபேச்சில்லாமல் வெட்டினார். வேண்டுமென்றே, நன்றாக இருந்த ஓர் இடத்திலும் இருமிப் பார்த்தேன். அதையும் வெட்டினார். சண்டைக்கே வரவில்லை அக்கா. கசப்பு மருந்து குடிக்கிற பிள்ளைபோல வாசித்து முடித்துவிட்டு விளக்கை அணைத்தார்.

நான் கேட்டதுதான் கிடைத்திருக்கிறது. எனக்குத்தான் பிடிக்கவில்லை.

சுண்டுவின் அம்மா


வெள்ளிக்கிழமை, ஜூன் 28

அன்புள்ள தங்கச்சிக்கு,

பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதே, அதுவே போதும். போன வியாழக்கிழமையும் நேற்றும் இவர் வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஏதாவது வேலையா இருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

உன்னிடம் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தேன். உன் வீட்டுக்காரர் முதல் தடவை இங்கே காகிதத்தை வெளியே எடுத்தபோது இவர் கேட்டார், "வீட்ல வாசிச்சுக் காட்டலையா?"

"காட்டினேன் ஹஜ்ரத். ரெண்டாவது பக்கத்துலயே உட்கார்ந்தபடி தூங்கிட்டா. பிள்ளை ராத்திரி முழுக்க விடறதில்ல. எழுப்ப மனசு வரல. கொஞ்ச நாள் அவ தூங்கட்டும்னுதான் இங்க கொண்டுவந்தேன்."

போன கடிதத்திலேயே இதை எழுதியிருக்கலாம். எழுதினால் நீ அவரைப் பிடித்து வைத்துக்கொள்வாய், நான் பழையபடி கரகரப்பைத்தான் கேட்க வேண்டும். அதனால் எழுதவில்லை. இன்னொரு காரணமும் உண்டு. மூன்று பிள்ளைகளை வளர்த்த காலத்தில் நான் அடுப்படியில் நின்றபடியே தூங்கியிருக்கிறேன். அதை யாரும் யாரிடமும் போய்ச் சொன்னதில்லை. திட்டுவதானால் திட்டு.

நேற்றுப் பொறுக்க முடியாமல், "எனக்கு வாசிச்சுக் காட்டுங்க" என்றேன்.

"உனக்கா? எதுக்கு?"

"பயான்ல நோயாளியைப் பார்க்கப் போற எடத்தை அன்னைக்கு ஏன் எடுத்தீங்க? அதுதான் நல்லா இருந்துச்சு."

என்னைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார். நடுவில் நான் இருமினேன்.

"தண்ணி வேணுமா?"

"வேணாம். நீளம்."

முறைத்தார். பிறகு பேனாவைத் தேடினார்.

உன் அக்கா


செவ்வாய்க்கிழமை, ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

மருந்துக்கடைக்காரர் அந்தப் பக்கம் வருகிறாராம், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். பிரித்துப் படித்தாலும் படிப்பார், படிக்கட்டும்.

உங்கள்மேல் எனக்குக் கோபம்தான். என் வீட்டுக்காரர் என்னைப் பற்றிச் சொன்ன ஒரு நல்ல வார்த்தையை இத்தனை நாள் நீங்கள் வைத்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் வைத்துக்கொண்டிருப்பேன் என்பதால் கோபம் இரண்டு மடங்காகிறது.

அவரிடம் கேட்டேன், "நான் நெஜமாவே தூங்கிட்டேனா?"

"குறட்டை வேற."

"எழுப்பியிருக்கலாம்ல?"

"எழுப்பினா இருமுவே."

சிரித்தார். தம்ளர் உருளவில்லை. சிரித்தார், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை வருகிறார். போகச் சொன்னது நான்தான். ஆனால் புதுப் பிரசங்கத்தை அங்கே எடுக்கக்கூடாது, அது எனக்கு. போன வாரத்தது மிச்சமிருந்தால் வாசிக்கட்டும். ஹஜ்ரத்துடையதை நீங்கள் புதன்கிழமையே வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு அவர்கள் எதை வெட்டினால் நமக்கென்ன, சிரிக்கட்டும்.

நானும் வருகிறேன். திரைக்குப் பின்னால் எனக்கும் ஒரு நாற்காலி போட்டு வையுங்கள். சுண்டுவை முன்னறையில் அவர்கள் நடுவில் விட்டுவிடலாம். உட்கார்ந்த இடத்தில் நான் தூங்கிவிட்டால் எழுப்ப வேண்டாம். எனக்கும் சேர்த்து நீங்களே இருமிவிடுங்கள்.

உங்கள் தங்கச்சி